புதுப்பிப்பு: டைமெத்தில் ஃபியூமரேட்டும் முகச் சிவப்பும் (டர்பன்)

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய்க்கு டைமெத்தில் ஃபியூமரேட் மருந்து தொடங்கிய தங்கைக்கு முகம் சிவந்து எரிகிறது, வயிறு புரட்டுகிறது என்று சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது பீனிக்ஸ் பகுதி அக்கா சொன்னதுதான்: வெறும் வயிற்றில் வேண்டாம், முட்டை, அவகாடோ என்று கொழுப்பும் புரதமும் உள்ள சாப்பாட்டோடு போடு. வயிறு அடங்கிவிட்டது. சிவப்பு குறைந்தது, முழுசாகப் போகவில்லை. அதற்கு, மருந்துக்கு 30 நிமிடம் முன்னால் ஆஸ்பிரின் போட டாக்டர் சம்மதித்தார் (அவரவர் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்). கேப்ஸ்யூலைத் திறந்து தயிரில் கலக்கும் யோசனை மட்டும் கூடாது, முழுதாகத்தான் விழுங்கணும்.

எதிர்பாராதது, ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் (ஒரு வகை வெள்ளை அணு) குறைந்திருந்தது. இந்த மருந்துக்கு அது தெரிந்த விளைவுதான், ஆனால் ரொம்பக் குறைந்தே நீடித்தால் பிஎம்எல் என்ற மூளைத் தொற்று வரலாம். இப்போதைக்கு மருந்து தொடர்கிறது. இன்னும் இறங்கினால், 6 மாதத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றும் ஓக்ரெலிசுமாப் என்ற வேறு மருந்து பற்றிப் பேசுவோம் என்றார் டாக்டர். அதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம்.