பேச்சுவார்த்தை முறிந்தது ஹக்கோனேயிலா, வெருகலிலா?

வலையிறவு_டீச்சர்:
அரசும் புலிகளும் 2002 பெப்ரவரி 22இல் செய்த போர்நிறுத்த உடன்படிக்கையைப் பற்றிக் கதை வந்தாலே எல்லோரும் ஒரே கணக்கைத்தான் ஒப்புவிக்கிறோம். ஆறு சுற்றுப் பேச்சு, கடைசிச் சுற்று 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனேயில், ஏப்ரல் 21 அன்று புலிகள் இடைநிறுத்தினார்கள், அத்தோடு சரி. எனக்கு அது சரியாகப் படவில்லை. அதற்குப் பிறகுதானே, ஒக்டோபர் 31இல், இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான வரைவைக் கொடுத்தார்கள்? கதவு திறந்துதான் கிடந்தது. அதை அடைத்தது 2004 ஏப்ரல், பெரிய வெள்ளியன்று, வெருகல் ஆற்றங்கரையில். கிழக்குத் தளபதி கருணா புலிகளில் இருந்து பிரிந்து, வன்னிப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் ஆளையாள் சுட்ட பிறகு, மேசையில் யாருக்காக யார் பேசுவது?

உடன்படிக்கை எங்களுக்கு என்ன தந்தது என்பதையும் சொல்ல வேணும். அதற்கு முன் மண்முனைத் துறையில் அரை மூட்டை யூரியா கொண்டுபோக அப்பா அனுமதிக் கடிதத்தோடு மணிக்கணக்கில் வெயிலில் நிற்பார். 2002இல் முதல் தரம் மூன்று முழு மூட்டையைப் பாதையில், அதுதான் ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைப் படகில், ஏற்றினார். அக்கரை சேரும் வரைக்கும் மேல் மூட்டையில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை.

அதே சமாதான காலத்தில்தான் என் வகுப்பில் ஒரு வாங்கில் இருந்த இரண்டு பொடியன்களும் ஒரே கிழமையில் இயக்கத்துக்குப் பிடிபட்டு இல்லாமல் போனார்கள். வெருகலுக்குப் பிறகு கிழக்கில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வீடு திரும்பினார்கள், எங்கட இருவரில் ஒருவனும் வந்தான். சில கிழமைகளில் திரும்பவும் அவனைத் தேடி வந்துவிட்டார்கள். பேசுகிற மேசையில் அந்தத் தாய்மாருக்கு என்ன பதில் இருந்தது?

திருக்கோவில்_வேலன்:
டீச்சர், அந்தப் பிள்ளைகளின் கதையில் உங்களோடு எனக்கு வாதமில்லை. ஆனால் பேச்சு முறிந்த கதையை வெருகலில் தொடங்குவதை ஏற்க மாட்டேன். திகதியைப் பாருங்கள். வரைவு கொடுத்தது ஒக்டோபர் 31. நவம்பர் 4ஆம் திகதி, பிரதமர் ரணில் வொஷிங்டனில் நிற்கும்போது, ஜனாதிபதி சந்திரிகா பாதுகாப்பு உட்பட மூன்று அமைச்சுகளைத் தன் கையில் எடுத்தார். கொழும்பில் யாரோடு பேசுவதென்றே தெரியவில்லை என்று மத்தியஸ்தம் செய்த நோர்வேயும் அந்த மாத நடுவிலேயே தன் வேலையை நிறுத்தி வைத்தது. வெருகல் நடக்க இன்னும் ஐந்து மாதம் கிடந்தது.

அதற்கும் முன்னால், 2003 ஏப்ரலில் வொஷிங்டனில் நடந்த உதவி நாடுகளின் கூட்டத்துக்குப் புலிகளைக் கூப்பிடவே முடியவில்லை, அமெரிக்கத் தடை. சமதரப்பு என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு, உதவிப் பணத்தைப் பற்றிப் பேசும்போது வாசலில் நில் என்றால் யார்தான் திரும்பி வருவார்? ஜூனில் டோக்கியோவில் 450 கோடி டொலர் தருவதாகச் சொன்னார்கள். இடம்பெயர்ந்த சனத்துக்கு அதில் என்ன வந்தது?

சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் செத்தோம். நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பில் அரசும் புலிகளும் 2005 ஜூனில் கையெழுத்து வைத்தார்கள். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. கூடாரத்துக்குள் இருந்து ரேடியோவில் அந்தச் செய்தியைக் கேட்டவன் நான். வீடு கட்டுகிற காசைக்கூட இணைந்து பங்கிட விடாத நாட்டில் அதிகாரப் பங்கீடு எப்படி நடக்கும்?

ஆரையம்பதி_87:
கிழக்கு வேறு, வன்னி வேறு என்று டீச்சர் எழுதுவது மாதிரி எழுதி எழுதித்தான் எல்லாம் போனது. ஒற்றுமையாய் நின்றிருந்தால் எந்த மேசையும் முறிந்திராது.

வலையிறவு_டீச்சர்:
தம்பி, ஒற்றுமை வேணாம் என்று நான் எங்கே எழுதினேன்? பிள்ளை வேணும் என்றபோது எங்களைக் கேட்டார்கள், முடிவெடுக்கும்போது கேட்கவில்லை என்றுதான் சொல்கிறேன். அதைச் சொல்ல விடாத ஒற்றுமையைக் கட்டிக் காத்த நேரத்தில்தான் வெருகல் வந்தது.

காத்தான்குடி_காக்கா:
நீங்க மூணு பேரும் எத்தனை கதிரை கிடந்தது என்று எண்ணவே இல்லை. ஒரு பக்கம் அரசு, ஒரு பக்கம் புலிகள். எங்கட ஆள், முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் அரச தூதுக்குழுவில் ஒருவராகத்தான் இருந்தார். தனித் தரப்பு வேணும் என்று எவ்வளவு கேட்டோம்! 2003 ஜனவரியில் ஒலுவிலில் அத்தனை பல்கலைக்கழகப் பிள்ளைகளும் சனமும் கூடினது எதுக்கு?

2002 டிசம்பர் ஒஸ்லோ அறிக்கையை எல்லாரும் கொண்டாடுறாங்க. தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடங்களில் உள்ளக சுயநிர்ணயம், ஐக்கிய இலங்கைக்குள் கூட்டாட்சி. வேலன் தம்பி, நானும் தமிழ்தான் பேசுறன், இப்பவும் தமிழில்தான் எழுதுறன். ஆனா 'தமிழ் பேசும் மக்கள்' என்று மற்றவன் என்னையும் சேர்த்து எழுதும்போது, என்னைக் கேட்டானா என்றுதான் முதலில் பார்ப்பேன். 1990 ஆகஸ்ட் 3 இரவு எங்கட காத்தான்குடிப் பள்ளியில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டவங்க சுடப்பட்டாங்க. அதுக்குப் பிறகு அந்தச் சொல் எங்க காதில் வேற மாதிரித்தான் விழும்.

நீங்க சொன்ன பொதுக் கட்டமைப்பிலும் அதே கதைதான். சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் சுனாமியில் செத்தவங்கட மையித்துகளைக் குழி தோண்டித் தோண்டி அடக்கினோம். கையெழுத்து வைத்தது ரெண்டு தரப்பு, நாங்க இல்லை.

திருக்கோவில்_வேலன்:
காக்கா, அதே ஆகஸ்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சமிருந்த எங்கட சனமும் கொல்லப்பட்டது. செத்தவர்களை எண்ணி வழக்காட எனக்கு மனமில்லை. கதிரை விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. 2002 ஏப்ரல் 13இல் கிளிநொச்சியில் ஹக்கீமும் பிரபாகரனும் செய்த உடன்பாட்டை எழுத்துப்படி நடத்தியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திராது. ஆனால் ஒரு கதிரை கூடப் போட்டிருந்தாலும் நவம்பர் 4 நடந்திருக்கும். அந்த இடத்தில் நான் நிற்கிறேன்.

வலையிறவு_டீச்சர்:
வேலன், உங்கள் திகதிகளை மறுக்கவில்லை. ஆனால் வெருகலுக்குப் பிறகு வந்த திகதிகளையும் பாருங்கள். 2005 பெப்ரவரி 7, வன்னியில் இருந்து தரைவழியாகத் திரும்பிக்கொண்டிருந்த, புலிகளின் கிழக்கு அரசியல் பொறுப்பாளர் கௌசல்யனை வெலிக்கந்தைப் பக்கம் வைத்துச் சுட்டார்கள். கூட வந்த உங்கள் அம்பாறை முன்னாள் எம்.பி. சந்திரநேருவும் மறுநாள் இறந்தார். அதன் பிறகு கிழக்குத் தளபதிகள் ரோட்டால் போவது எப்படி? 2006 ஏப்ரலில் ஜெனீவாவின் இரண்டாவது சுற்று நடக்காமல் போனதற்கு அவர்கள் வன்னிக்குப் போய்வரும் பயணமும் ஒரு பெரிய காரணம். ஹெலியா, கப்பலா, கப்பலுக்குக் காவல் யார் என்று இழுபட்டு இழுபட்டு நாள் கடந்தது. முதல் ஆறு சுற்றுக் காலத்தில் ஹெலி வந்து ஏற்றிப் போனதே. வெருகல் இல்லாவிட்டால் அந்தப் பாதை ஏன் மூடுகிறது?

திருக்கோவில்_வேலன்:
ரோட்டில் துவக்கோடு நின்றவர்களுக்கு இடம் கொடுத்தது யார்? உடன்படிக்கையின் 1.8ஆம் பிரிவு என்ன சொல்கிறது? தமிழ்த் துணைக்குழுக்களின் ஆயுதத்தை முப்பது நாளுக்குள் அரசு களைய வேணும். அதே வாக்கை 2006 பெப்ரவரியில் ஜெனீவாவில் இன்னொரு தரம் கொடுத்தார்கள். உடைவு எங்கட வீட்டில் நடந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். உடைந்த துண்டைத் தூக்கி எங்களுக்கே குத்தினது மற்றப் பக்கம்.

அந்த ஆண்டு ஒக்டோபரில் திரும்பவும் ஜெனீவா போனார்கள். யாழ்ப்பாணம் போகிற ஏ-9 பாதையைத் திறப்பதா இல்லையா என்பதிலேயே அதுவும் நின்றது. அதற்குள் மாவிலாற்று அணைக்கட்டில் சண்டை நடந்து, வாகரைச் சனம் ஓடத் தொடங்கிவிட்டது.

வலையிறவு_டீச்சர்:
குத்தினது மற்றப் பக்கம் என்பதை ஏற்கிறேன். உடைந்ததற்கு நாங்கள் கணக்குச் சொல்லாமல் அதை மட்டும் பேச என்னால் முடியாது. இதில் நாங்கள் இருவரும் ஒத்துவரப் போவதில்லை என்று நினைக்கிறேன்.

காக்கா, ஒன்று கேட்க வேணும். கிளிநொச்சி உடன்பாட்டில் முஸ்லிம்கள் தங்கள் வயலுக்குத் திரும்பலாம் என்று இருந்ததே. உங்கள் ஆட்கள் யாரும் மண்முனைப் பாதையால் வந்தார்களா?

காத்தான்குடி_காக்கா:
வந்தாங்க டீச்சர். எங்க வாப்பாவும் வந்தார். பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு வயல் வட்டைக்குள்ள இறங்கினா வரம்பெல்லாம் மாறிப் போயிருந்தது. மூலையில் நின்ற மருத மரத்தை வைத்துத்தான் இதுதான் எங்கட துண்டு என்று கண்டுபிடிச்சார். அதில் வேறொருவர் விதைச்சிருந்தார். அவரும் எங்கேயோ இருந்து துரத்தப்பட்டு வந்தவர். சண்டை பிடிக்கவில்லை, ரெண்டு பேரும் வரம்பில் இருந்து வெற்றிலை போட்டாங்களாம். அறுப்பு முடியட்டும், பேசுவோம் என்று வாப்பா வந்துட்டார். மறுகா ஒரு பெரும்போகம் மட்டும் விதைச்சம். காணி உறுதி எங்ககிட்ட இருக்கு. வாற மாசம் காணி விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. அந்த மனுசன்ட மகனும் வருவார் என்று கேள்வி.