18 வயதில் கர்ப்பம்: அத்தையை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். முக்கூடல் பக்கம் இருக்கும் என் சித்தி மகளுக்காகக் கேட்கிறேன். வைகாசியில் கல்யாணம், வயது 18, இப்போது ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் 8.4 தான் இருக்கிறது. கர்ப்பிணிக்கு 11 ஆவது வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது என்று நிறுத்திவிட்டாள். நாள் முழுக்க பீடித்தட்டும் மடியுமாகப் புகையிலைத் தூளில் உட்கார்ந்திருக்கிறாள், அதுதான் எனக்குப் பெரிய பயம்.

ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்றால், "நான் பதினாறுல பெத்தேன், எனக்கென்ன ஆச்சு?" என்கிறார் அத்தை, அதாவது அவள் மாமியார். இருபதுக்குள் பிரசவம் என்றால் ரத்த அழுத்தம் கூடி வலிப்பு வரும் ஆபத்து அதிகம். பிள்ளை மாதம் முந்திப் பிறக்கலாம், எடை இரண்டரை கிலோவுக்குக் கீழே போகலாம். இரண்டு நாளாகத் தலைவலி என்கிறாள். சரி, நாளைக்கே பிரஷர் பார்க்கக் கூட்டிப் போகிறேன்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள், நேரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாத்திரை குமட்டாமல் சாப்பிட்டவர்கள் என்ன செய்தீர்கள்? அப்புறம், அத்தையிடம் பக்குவமாகப் பேசக்கூடிய நர்ஸ் அக்கா யாராவது இந்தக் குழுவில் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.