ஆங்கிலப் பெயரடையின் மூன்று நிலைகள்: தரமா, ஒப்பா, உறழ்வா?

கொக்குவிலிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். தரம் 8 பிள்ளைகளுக்கான ஆங்கில இலக்கணக் கைந்நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘ஸ்மோல், ஸ்மோலர், ஸ்மோலெஸ்ட்’ என்பவற்றை மூன்று தரங்கள் என்றும், கடைசியை உயர்தரம் என்றும் வகுப்பில் விளக்கினேன். அது க.பொ.த. உயர்தரப் பரீட்சையில்தான் வருமா என்று ஒரு பிள்ளை கேட்டாள். வேறு சொல் தந்துதவுக. ‘மோர்’, ‘மோஸ்ட்’ ஏற்கும் வினையடைகளுக்கும் அது பொருந்தவேண்டும்.

நல்லூரிலிருந்து:

பிள்ளை கேட்டதில் பிழையில்லை, தரத்தை விட்டுவிடுங்கள். வடமொழியில் ‘தர’ என்பது ஒன்றைவிட மிகுதலைக் காட்டும் விகுதி, ‘தம’ என்பது உச்ச விகுதி. உத்தமம் என்பதன் ஈற்றில் நிற்பதும் அந்தத் ‘தம’வே. இரண்டும் கூடிப் பிறந்த தாரதம்மியம் என்ற சொல் நீங்கள் தேடும் பொருளை அப்படியே தருகிறது என்றாலும், அதை எட்டாம் வகுப்பில் சொல்லும் துணிவு எனக்கில்லை.

தமிழ்ப் பெயரடை இவ்வாறு விகுதி ஏற்பதில்லை. அந்த வேலையை நம் மொழியில் வேற்றுமையுருபு செய்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நன்னூல் நான்கு பொருள் கூறும். ‘காக்கையிற் கரிது களம்பழம்’ (காக்கையைவிடக் கரியது களம்பழம்) என்ற பழைய உரைகளின் எடுத்துக்காட்டில் களம்பழம் காக்கையை ஒக்கவில்லை, அதை மிஞ்சுகிறது. இதனை உறழ்பொரு என்றும், ஒத்திருப்பதை உவமப்பொரு என்றும் உரையாசிரியர் பிரித்தனர். ஆகவே இயல்புநிலை, உறழ்நிலை, உச்சநிலை என்க.

பருத்தித்துறையிலிருந்து:

ஐயா, உறழ்நிலை என்றால் அதற்கும் ஓர் உரை எழுதவேண்டிவரும். ‘அதைவிடச் சின்னது’ என்று வீட்டில் பேசும் பிள்ளைக்கு ஒப்புநிலை என்பதே போதும்.

நல்லூரிலிருந்து:

போதாது. ‘அஸ் ஸ்மோல் அஸ்’ என்பதுதான் உண்மையான ஒப்பு. ஆனால் அங்கே வருவதோ விகுதி ஏலாத இயல்பு வடிவம். ‘ஸ்மோலர்’ என்பதை ஒப்புநிலை என்று படித்த பிள்ளை இந்த வாக்கியத்தைக் கண்டதும் ‘அஸ் ஸ்மோலர் அஸ்’ என்று எழுதும்.

கொக்குவிலிலிருந்து:

அப்படி எழுதிய கொப்பிகளை நானும் திருத்தியிருக்கிறேன். ஆயினும் தனிமடல் எழுதிய நால்வரில் மூவர் ஒப்புநிலையையே கேட்டுள்ளனர், நாளும் இல்லை. இயல்புநிலை, ஒப்புநிலை, உச்சநிலை என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். ‘அஸ்’ வரும் பாடத்தில் ஓர் அடிக்குறிப்புச் சேர்ப்பேன். மெய்ப்பு வியாழன் மாலை ஐயாவிடம் வரும்.

நல்லூரிலிருந்து:

மற்றைப் பக்கங்களை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். ஒப்பு என்று தலைப்பிட்டு ஒவ்வாததை உதாரணம் காட்டும் அந்தப் பக்கத்தை மட்டும் வேறொருவர் பார்க்கட்டும்.