கிர் காடு, சோம்நாத், டையூ: வயதான பெற்றோருடன் ஆறு நாள், எந்த வரிசையில் போவது?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். வரும் பொங்கல் விடுமுறையில் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதிக்குப் போக நினைக்கிறோம். ஐந்து பேர்: அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 67, நாங்கள் இருவர், ஒன்பது வயது மகள். மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பம் என்பதால் பெரியவர்களுக்குச் சோம்நாத்தைப் பார்த்தே ஆகவேண்டும். மகளுக்குச் சிங்கம். எனக்கு டையூ கோட்டை.

கேட்க வேண்டியவை இவை. அப்பாவுக்கு இடுப்பு வலி உண்டு; கிர் காட்டின் வாசல் ஊரான சாசன் கிரில் திறந்த ஜிப்சி வண்டியில் மூன்று மணி நேரம் உட்கார முடியுமா? சோம்நாத்திலிருந்து துவாரகாவையும் சேர்த்துக்கொள்ளலாமா? கிர்நார் மலைக்கு இப்போது ரோப்வே இருக்கிறதாமே, பெரியவர்களை அழைத்துப் போகலாமா? எதை முதலில் பதிவு செய்வது: விமானமா, தங்குமிடமா, காட்டு அனுமதியா?

ஆலமரத்தடி

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் காட்டு அனுமதி. அது கையில் வந்த பிறகுதான் விமானம், ரயில், அறை எல்லாம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். டிக்கெட் எடுத்து, விடுதிக்குப் பணம் கட்டி, கடைசியில் அனுமதித் தளத்தைத் திறந்தால் அந்த வாரம் முழுக்க நிரம்பியிருக்கும். சுமார் மூன்று மாதத்துக்கு முன்பே பதிவு திறந்துவிடும். குஜராத் வனத்துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். முகவரி ‘குஜராத் டாட் கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். அதே சாயலில் பெயர் வைத்த தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், கூடுதல் பணமும் வாங்கும்.

அடுத்து, பொங்கலைத் தவிருங்கள். ஜனவரி 14, 15 அங்கே உத்தராயணம், பட்டம் விடும் பண்டிகை. மாநிலம் முழுவதும் விடுமுறை என்பதால் சாசனிலும் டையூவிலும் அறை கிடைப்பது கடினம், வாடகையும் ஏறியிருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த நாட்களில் மாஞ்சா நூல் சாலைக்குக் குறுக்கே தொங்கும், இருசக்கர வண்டியில் போகிறவர்களின் கழுத்தை அறுக்கும். மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு வாடகை ஸ்கூட்டரில் சுற்றும் எண்ணம் இருந்தால் அந்த இரண்டு நாளும் கூடவே கூடாது. குடியரசு தினக் கூட்டமும் கலைந்த பிறகு, ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி முதல் பாதியிலோ போங்கள். தீபாவளி வாரமும் டிசம்பர் கடைசி வாரமும் இதே கதைதான். ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை காடு மூடியிருக்கும்.

அப்பா விஷயம். சாசனில் இருப்பவை இரண்டு தனித்தனிச் சவாரிகள். இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி ஏமாற்றம் வருகிறது.

ஒன்று, காட்டுக்குள் போகும் ஜிப்சி. ஒரு தவணை மூன்று மணி நேரம், காலையில் இரண்டு தவணை, பிற்பகலில் ஒன்று. மண்சாலையில் குலுக்கிக்கொண்டே போகும். இடையில் இறங்கக் கூடாது, கழிப்பறையும் இல்லை. இடுப்பு வலிக்கு இது ஒத்துவராது.

இன்னொன்று, தேவாலியா. சாசனிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 412 ஹெக்டேர் காட்டை வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே பேருந்து உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் சுற்றிவிடலாம், சிங்கம் தெரியும் வாய்ப்பும் மிக அதிகம். உங்கள் பெற்றோருக்கு இதுவே சரி. புதன்கிழமை தேவாலியா விடுமுறை. இதைக் காலண்டரில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

ஜிப்சிக்கு ஒரு அனுமதிச் சீட்டில் ஆறு பேர் வரை போகலாம். அனுமதி, வண்டி, வழிகாட்டி மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களில் அதிகம். பதிவில் எந்த அடையாள அட்டையின் எண்ணைக் கொடுத்தீர்களோ அதே அட்டையின் அசல் கையில் வேண்டும். பெயர் மாற்றித் தர மாட்டார்கள். ஆதார் எண் கொடுத்துவிட்டு ஓட்டுநர் உரிமத்தோடு போய் நின்றால் வாசலிலேயே பேச்சு வளரும். அரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். எந்தத் தடம் என்பதை அவர்கள்தான் ஒதுக்குவார்கள், நீங்கள் கேட்டு வாங்க முடியாது.

ஜனவரி விடியலில் குளிர் 10 டிகிரி பக்கம் இறங்கும், ஓடும் திறந்த வண்டியில் இன்னும் குளிரும். மகளுக்குக் காதை மூடும் குல்லா, கையுறை, தூசிக்கு ஒரு துப்பட்டா அவசியம். வெயில் ஏறினால் கழற்றும்படி அடுக்கடுக்காக உடுத்துங்கள்.

சிங்கம் நாளின் பெரும்பகுதி படுத்தே கிடக்கும். அதனால் வழிகாட்டி கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார். புள்ளிமானோ மந்தியோ எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் வண்டியை நிறுத்திவிடுவார். அந்த நேரத்தில் பேசாமல் இருப்பது எப்படி என்று மகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஆப்பிரிக்கச் சிங்கத்தோடு ஒப்பிடவும் சொல்லிக்கொடுக்கலாம். இங்குள்ளதற்கு வயிற்றின் அடியில் நீளமாக ஒரு தோல் மடிப்பு தொங்கும். ஆண் சிங்கத்துக்குப் பிடரி குறைவு என்பதால் காது தெளிவாகத் தெரியும்.

2020-இல் 674 ஆக இருந்த எண்ணிக்கை 2025 கணக்கெடுப்பில் 891. இவற்றில் கணிசமானவை காப்பகத்துக்கு வெளியே, தோட்டங்களிலும் கடற்கரைப் பக்கமும் திரிகின்றன. இதைச் சொல்லக் காரணம் உண்டு: டீக்கடை வாசலில் யாராவது வந்து ‘ராத்திரி தோட்டத்தில் சிங்கம் காட்டுகிறேன்’ என்பார். போகாதீர்கள். இரை கட்டி வைத்துச் சிங்கத்தை வரவழைக்கும் வேலை அது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பார்க்கப் போனவர்கள் மீதும் வழக்கு வரும். ஆளைக் கண்டு ஒதுங்கிப் போகிற சிங்கத்துக்கு மனிதன் கையிலிருந்து தீனி வரும் என்று பழக்கினால், கடைசியில் அடிபடுவது அந்தச் சிங்கமும் பக்கத்து ஊர் மால்தாரி மாடு மேய்ப்பவர்களும்தான்.

கல்லெழுத்து

கிர்நார் பற்றி. ரோப்வே 2020 அக்டோபரில் திறந்தது, 2.3 கிலோமீட்டர், அம்பாஜி கோயில் வரை போகும். அதற்கு மேல் ஏமாற்றம் காத்திருக்கிறது. நேமிநாதர் சமணக் கோயில்கள் அங்கிருந்து பல நூறு படிகள் கீழே, தத்தாத்ரேயர் சிகரமோ நெடும் படிகள் இறங்கி மறுபடி ஏற வேண்டிய தூரம். ஆக, ரோப்வேயில் போனால் அம்பாஜியும் மலைக்காட்சியும் மட்டும் என்று முடிவு செய்துகொண்டு போங்கள். காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள்; காலையிலேயே போய்விடுவது நல்லது.

ஆனால் கிர்நார் அடிவார ஊரான ஜுனாகத்தில் ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் மலையை விட்டுவிட்டு அசோகர் பாறைக்குப் போங்கள். கிர்நார் போகும் சாலையிலேயே, ஒரு கட்டடத்துக்குள் பாறையை அப்படியே வைத்துப் பாதுகாக்கிறார்கள். படி ஏற்றம் பெரிதாக இல்லை, அப்பாவுக்கும் சிரமம் இருக்காது.

ஒரே பாறையில் மூன்று காலத்து எழுத்து. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் வெட்டிய பதினான்கு சாசனங்கள், கி.பி. 150 அளவில் ருத்ரதாமன் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு, பிறகு 5-ஆம் நூற்றாண்டில் ஸ்கந்தகுப்தன் காலத்தது. பின்னிரண்டும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: பக்கத்தில் இருந்த சுதர்சன ஏரியின் கரை உடைந்தது, திரும்பக் கட்டினோம் என்று. சந்திரகுப்த மௌரியர் காலத்தில் வெட்டிய ஏரி அது. புயல் மழையில் கரை உடைந்ததையும், மக்கள் மேல் வரி போடாமல் தன் கருவூலத்திலிருந்தே கட்டியதையும் ருத்ரதாமன் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஏரியை நம்பி வாழ்ந்த ஊர்க்காரர்கள் நாம். கரை உடைந்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம்மவர்கள் பார்க்க வேண்டியது அசோகரின் இரண்டாம் சாசனம். மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்த எல்லைப்புற நாடுகளை அடுக்கும்போது சோட, பாட, சதியபுதோ, கேதலபுதோ, தம்பபம்ணி என்று வருகிறது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், இலங்கை. மதுரையிலிருந்து இவ்வளவு தூரம் போய் அங்கே பாண்டியர் பெயரைக் கல்லில் பார்க்கலாம். சாசனங்கள் நடுவில் ஒரு செங்குத்துக் கோட்டால் இரண்டு பத்தியாகப் பிரிந்திருக்கும். முதல் ஐந்தும் இடப் பத்தியில். மேலிருந்து இரண்டாவது தொகுதிதான் இது. எழுத்து பிராமி. அந்தப் பகுதியின் நகல் வரைபடம் ஒன்றைக் கிளம்பும் முன்பே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வருவீர்கள், சோடவும் பாடவும் எங்கே என்று தெரியாது.

நெய்தல்நிலம்

துவாரகாவை இந்த முறை விட்டுவிடுங்கள். சோம்நாத்திலிருந்து போர்பந்தர் வழியாக சுமார் 230 கிலோமீட்டர், அதுவும் டையூவுக்கு நேர் எதிர்த் திசை. பகலில் 1 மணிக்கு நடை சாத்தி 5 மணிக்குத்தான் திறப்பார்கள்; கணக்குத் தவறினால் அரை நாள் போய்விடும். பிறகு தனியாகப் போக நினைத்தால் தூத்துக்குடியிலிருந்து மதுரை வழியாக ஓகா போகும் வாராந்திர விவேக் எக்ஸ்பிரஸ் துவாரகாவில் நிற்கும். பேட் துவாரகா தீவுக்குப் படகு பிடிக்க வேண்டும் என்று பழைய பதிவுகளில் இருக்கும். 2024 பிப்ரவரியில் சுதர்சன் சேது பாலம் திறந்துவிட்டதால் காரிலேயே போகலாம்.

டையூ. குஜராத் சுல்தான் பகதூர் ஷா 1535-இல் போர்ச்சுகீசியருக்கு இடம் கொடுத்தார், கோட்டை எழுந்தது. 1538, 1546 என இரண்டு பெரிய முற்றுகைகளையும் தாங்கி நின்றது. 1961 டிசம்பர் 19 வரை அவர்கள் கையில்தான் இருந்தது. நிலப்பக்கம் கல்லை வெட்டி அகழி தோண்டியிருக்கிறார்கள், மற்ற பக்கம் கடல். உள்ளே நிழல் குறைவு, கல்தரை சமமாக இருக்காது, பீரங்கி மேடைகளுக்குக் கைப்பிடி இல்லாத சரிவுகள். திறந்ததுமே போய் 10 மணிக்குள் முடியுங்கள், பெரியவர்கள் நுழைவாயில் முற்றத்தோடு நின்றுகொள்ளட்டும். பக்கத்திலேயே புனித பவுல் தேவாலயம். உள்ளே மரவேலைப்பாட்டைப் பார்க்க மறக்காதீர்கள். நாய்தா குகைகள் என்பவை கோட்டைக்குக் கல் எடுத்த பள்ளங்கள்.

கங்கேஸ்வர் கோயிலுக்கு மட்டும் கடிகாரம் பார்த்துப் போக வேண்டும். கடலோரப் பாறை இடுக்கில் ஐந்து லிங்கங்கள். ஓதம் (கடல் மட்டத்தின் ஏற்றம்) ஏறும்போது அலை அவற்றின் மேல் வந்து விழும், உச்ச ஏற்றத்தில் ஒன்றும் தெரியாது. அதனால் அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து, ஏற்றம் பாதி வந்திருக்கும் நேரத்தில் அங்கே இருங்கள். அலையும் தெரியும், லிங்கமும் தெரியும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் இடைவெளி, நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். நேற்று யாரோ ஐந்து மணிக்குப் பார்த்தார்கள் என்றால் உங்களுக்கு ஆறு மணி பக்கம். படியில் பாசி வழுக்கும், அம்மா கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1971 டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட இந்தியக் கடற்படையின் குக்ரி போர்க்கப்பலின் நினைவிடமும் அங்கேதான். 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தார்கள். அவசரப்படாமல் நின்று பாருங்கள்.

சட்டம் ஒன்று: குஜராத்தில் மதுவிலக்கு, யூனியன் பிரதேசத்தில் சேர்ந்த டையூவில் இல்லை. ஒரு பாட்டிலைக்கூட எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது. சோதனைச் சாவடியில் வண்டியைப் பார்ப்பார்கள், மாட்டினால் வண்டியும் போகும். வாடகைக் கார் ஓட்டுநரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். இதே காரணத்தால் சனி, ஞாயிறு டையூ நிரம்பி வழியும். வார நாளில் போனால் அமைதியான ஊர்.

வைகைக்கரை

பயணத்தை பிப்ரவரி முதல் வாரத்துக்கு மாற்றிவிட்டோம். துவாரகா இல்லை. இரண்டு சந்தேகம் பாக்கி: எந்தக் கிழமை எங்கே இருப்பது? சோம்நாத்தில் போன் கொண்டுபோக முடியாது என்கிறார்களே, கூட்டத்தில் பெரியவர்கள் தொலைந்தால் என்ன செய்வது?

ஆலமரத்தடி

ஞாயிறு ஜுனாகத் சேருங்கள். ராஜ்கோட்டில் விமானம் இறங்கினால் அங்கிருந்து நூறு கிலோமீட்டர் பக்கம். புது விமான நிலையம் நகரத்துக்கு வெளியே ஹிராசரில் என்பதால் கூடுதலாக ஒரு மணி நேரம் வையுங்கள். அகமதாபாத் வழி வந்தால் 2025 மே முதல் ஓடும் சபர்மதி–வெராவல் வந்தே பாரத் ஜுனாகத்தில் நிற்கும், வியாழன் மட்டும் இல்லை. திங்கள் அசோகர் பாறை, ஜுனாகத்தின் பழைய கோட்டையான உபர்கோட். செவ்வாய் காலை சாசன், பிற்பகல் எல்லோரும் தேவாலியா. புதன் காலை நீங்கள் மூவரும் ஜிப்சி, பெற்றோர் அறையில் ஓய்வு. மதியம் கிளம்பினால் சோம்நாத் சுமார் 45 கிலோமீட்டர், மாலை 7 மணி ஆரத்திக்கு நேரம் இருக்கும். வியாழன் காலை மறுபடி ஒரு தரிசனம், பிறகு கொடினார், உனா வழியாக டையூ, 90 கிலோமீட்டருக்குள். வெள்ளி டையூ பார்த்துவிட்டு, சனிக்கிழமைக் கூட்டம் உள்ளே வரும்போது நீங்கள் வெளியேறிவிடலாம். இந்த வரிசையில் தேவாலியாவின் புதன் விடுமுறையும் சோம்நாத்தின் திங்கட்கிழமை நெரிசலும் உங்களைத் தொடாது.

திரும்பும்போது கிர் காட்டுக்குள் ஊடுருவும் குறுக்கு வழியை வரைபடச் செயலி காட்டலாம். அந்தச் சாலைகளில் வனத்துறைச் சாவடி உண்டு, இருட்டினால் அடைத்துவிடுவார்கள். பகலில் மட்டும் அதை நம்புங்கள்.

கல்லெழுத்து

சோம்நாத்தில் போன், கேமரா, பை, தோல் பொருள், ஸ்மார்ட் வாட்ச் எதுவும் உள்ளே போகாது. கார் ரிமோட் சாவியும் இந்தக் கணக்கில்தான். பாதுகாப்பு அறையில் வரிசை நிற்கும், எனவே அறையிலேயே வைத்துவிட்டு நடந்து வருவது உத்தமம். கோயில் அறக்கட்டளையின் விடுதிகள் பக்கத்திலேயே இருக்கின்றன, இணையத்தில் பதியலாம். அரைக்கால் சட்டை வேண்டாம்.

யாராவது தொலைந்தால் கண்டுபிடிக்க வழி இது: உள்ளே போகும் முன் விடுதி முகவரியும் உங்கள் எண்ணும் எழுதிய துண்டுச் சீட்டை ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வையுங்கள். சந்திக்கும் இடம் பாண் ஸ்தம்பம். கடற்பக்க மதிலருகே அம்பு பொருத்திய தூண், யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அங்கிருந்து தென் துருவம் வரை நேர்கோட்டில் நிலமே குறுக்கிடாது என்று அதில் எழுதியிருக்கிறது.

இப்போதுள்ள கோயிலில் ராஜேந்திர பிரசாத் 1951 மே 11 அன்று பிரதிஷ்டை செய்தார். பக்கத்திலேயே இந்தூர் ராணி அகல்யாபாய் ஹோல்கர் 1783-இல் எழுப்பிய சிறு கோயில் இருக்கிறது. பெரிய கோயிலில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், நிற்க விடமாட்டார்கள். அம்மா சற்று நேரம் உட்கார்ந்து கும்பிட வேண்டும் என்றால் இந்தச் சிறு கோயிலுக்கு அழைத்துப் போங்கள்.