'கிளான்ஸ்' என்பதற்குச் 'சிறுநோக்கு'

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

படகில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவியின் திரைச்சொற்களைத் தமிழாக்கும் பணியில், ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணை எடுப்பதைக் குறிக்கும் 'கிளான்ஸ்' (glance) என்பதற்கு 'மேலோட்டப் பார்வை' என்று நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலோட்டம் என்றாலே அக்கறைக் குறைவு தொனிக்கிறது. பாம்பன் பாலத்தை நெருங்கும் வல்லத்தில் சுக்கானைப் பிடித்திருப்பவர், திசையையும் வேகத்தையும் திரையில் ஒரு நொடி பார்த்துவிட்டு உடனே நீரோட்டத்தின் பக்கம் கண்ணைத் திருப்புகிறார் என்றால், அந்தப் பார்வை நேரத்தால் குறுகியதே தவிர கவனத்தால் குறைந்ததன்று.

அந்த ஆங்கிலச் சொல் முதலில் பார்வையைக் குறித்ததே இல்லை. சாய்வாகப் பட்டு வழுக்கிச் செல்வதே அதன் பழைய பொருள். கிரிக்கெட்டில் பந்தை மட்டையால் மெல்லத் தொட்டுக் கால் பக்கமாகத் திருப்பிவிடும் 'லெக் கிளான்ஸ்' என்னும் அடியில் அது இன்றும் வாழ்கிறது. பட்டவுடன் விலகுவதே கருத்து என்பதால் 'கண்வீச்சு' பொருந்தும் என்று முதலில் எண்ணினேன். ஆனால் நம் கரையில் வீச்சு என்றதும் நினைவுக்கு வரும் வீச்சுவலை அகல விரிந்து விழுவது. இந்தப் பார்வையோ ஓரிடத்தில் மட்டும் படுவது. மேலும், இயற்பியலில் வீச்சு ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குகிறது.

எனவே 'சிறுநோக்கு' என்பதை முன்வைக்கிறேன். 'கண்களவு கொள்ளும் சிறுநோக்கம் காமத்தில் செம்பாகம் அன்று பெரிது' என்னும் 1092ஆம் குறளில், கணநேரப் பார்வை பாதியைக் காட்டிலும் பெரிதாகிறது. சிறுமை அங்கே கால அளவுக்கு மட்டுமே உரியது. 'நோக்கம்' இன்று குறிக்கோளைக் குறிப்பதால் 'நோக்கு' என்று சுருக்கினேன்.

'கிளிம்ப்ஸ்' (glimpse) என்பதையும் இதனோடு சேர்க்கக் கூடாது. சிறுநோக்கு நாம் வேண்டிச் செய்வது. மற்றது தானாகக் கண்ணில் படுவது. பனிமூட்டம் விலகிய இடைவெளியில் இராமேசுவரம் கோபுரம் ஒரு கணம் தெரிந்து மறைந்தால், நாம் அதை நோக்கினோம் என்பதைவிட அது தென்பட்டது என்பதே சரி. அதற்குத் 'தென்படல்' போதும்.

வினைச்சொல்லில்தான் எனக்கு நிறைவில்லை. 'சிறுநோக்கிடு' நாவில் ஒட்டவில்லை. திரைப் பலகத்தின் பெயராகச் 'சிறுநோக்கு' இருக்கட்டும். கட்டளை வரிகளில் 'ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்' என்றே எழுதலாம் என்பது என் கருத்து. இதைவிட நல்ல வினைவடிவம் உங்களிடம் இருந்தால் தெரிவியுங்கள்.