வீட்ல சீனிய நிப்பாட்டி 24 நாள் ஆச்சு, கருப்பட்டி கணக்குல வருமா வராதா?

பாளையங்கோட்டைக்காரி:
வீட்ல நாங்க ரெண்டு பேருந்தான். போன மாசம் பலசரக்கு சிட்டைய பாத்தா சீனி 3 கிலோன்னு கெடக்கு, கணக்கு போட்டா ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் வருது, அன்னைக்கே சீனி டப்பாவ கழுவி கவுத்திட்டோம். மொத வாரம் அவியளுக்கு ஒரே தலவலி, எனக்கு எதுக்கெடுத்தாலும் கோவம், ஒரு உப்புமாவுக்கு பெரிய சண்டையே நடந்துச்சு. இப்ப பழகிட்டு, வெறும் பாலே லேசா இனிக்கி. முன்னாடில்லாம் காப்பி டம்ளர எடுக்க லேட்டானா எறும்பு வரிசை கட்டிரும், இப்ப எட்டிக்கூட பாக்க மாட்டேங்கு.

சிக்கல் என்னன்னா எங்க அத்தை உடன்குடி பக்கம். ஓலைக்கொட்டான்ல கருப்பட்டி கொண்டாந்து, "இது சீனியா தாயி, மருந்துல்லா"ங்காவ. அவியளும் அம்மா பேச்ச புடிச்சிக்கிட்டு ரெண்டு வேளை கருப்பட்டி காப்பி கேக்காவ. இது போதாதுன்னு சட்டைய தொவைக்க எடுத்தா பையில நெய் வடிஞ்ச பட்டர் பேப்பர். கேட்டா ஆபீஸ்ல குடுத்தாவளாம்!

டவுன் அண்ணாச்சி:
அவர திட்டாத தாயி. பொழுது சாஞ்சு நெல்லையப்பர் கோயில் பக்கமா வண்டில வந்தா அந்த நெய் வாசம் கைய புடிச்சி இழுக்கும், சம்பா கோதுமைப் பால்ல கிண்டுனது, 100 கிராம் சூடா வாங்கி நின்னுக்கிட்டே முழுங்குனாத்தான் வீட்டு நெனப்பே வரும். எனக்கு சுகர் வந்து 11 வருசம் ஆச்சு, பேப்பர வீட்டுக்கு கொண்டு போற தப்ப மட்டும் நான் செஞ்சதில்ல.

தென்காசி நர்சு:
அண்ணாச்சி நீங்க சும்மா இருங்க. யக்கா, கருப்பட்டியும் சீனிதான். கரும்புச்சாற காய்ச்சுனா சீனி, பதனிய காய்ச்சுனா கருப்பட்டி, சீனி கிட்டத்தட்ட முழுசும் சுக்ரோஸ்ங்கிற சர்க்கரைதான், கருப்பட்டிலயும் முக்காவாசி அதேதான், கருப்பட்டில கூட கொஞ்சம் தாதுச்சத்து இருக்கும், அதுக்காக மருந்துன்னு சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னது, சேக்குற இனிப்பு நம்ம சாப்பாட்டு கலோரில 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 5க்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு. அந்த 5ங்கது சுமாரா 25 கிராம், 6 டீஸ்பூன். தேன், ஜூஸ் எல்லாம் இதுல சேரும், முழுசா திங்கிற பழமும் பாலும் சேராது. பிஸ்கட் பாக்கெட்ட திருப்பி பாருங்க, குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப்னு வேற பேர்ல ஒளிஞ்சிருக்கும். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கவங்க டாக்டர்ட்ட சொல்லாம திடீர்னு சீனிய நிப்பாட்டாதீங்க, சுகர் ரொம்ப எறங்கிட்டுன்னா மயக்கம் வந்துரும்.

தேரிக்காட்டான்:
உடன்குடி கருப்பட்டிக்கு புவிசார் குறியீடே இருக்கு, எங்க ஊர் சரக்க குத்தம் சொல்லாதீங்க. ஆனா ஒண்ணு, மலிவா கெடைக்குதேன்னு கண்ட எடத்துல வாங்குனா சீனிய கலந்து காய்ச்சுனதுதான் கைக்கு வரும், வாசல் வழியா போன சீனி கொல்லை வழியா வந்துரும் பாத்துக்கிடுங்க.

பாளையங்கோட்டைக்காரி:
நர்சம்மா, நீங்க எழுதுனத அவியள்ட்ட வாசிச்சு காட்டிட்டேன். ஒரு வேளைக்கு சம்மதிச்சிருக்காவ, அதுவும் பாதித் துண்டுதான். அத்தை மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு கொட்டான பரண்ல ஏத்தி வச்சேன், காலைல பாத்தா டம்ளர விட்டுப் போன எறும்பு பூரா அங்கதான் நிக்கி.