33-ல் வைத்தாலும் எலிக்குரல், இடது ஸ்பீக்கர் விட்டுவிட்டுப் பாடுகிறது: ஜோ மீக் ரெக்கார்டு பற்றி உதவி தேவை

கருந்தட்டு

வணக்கம். ஜோ மீக் என்ற ஆங்கிலேய ரெக்கார்டு தயாரிப்பாளரின் 'ஐ ஹியர் எ நியூ வேர்ல்டு' மறுபதிப்பு எல்பி (பெரிய ரெக்கார்டு) ஒன்று கைக்கு வந்தது. 1960 வாக்கில் இங்கிலாந்தில் செய்த ரெக்கார்டு, நிலாவில் வசிக்கும் ஆட்களைப் பற்றிய பாட்டுகள் என்ற அளவுக்குத்தான் தெரியும்.

போட்டுக் கேட்டதில் இரண்டு தொல்லை. ஒன்று, வேகம் 33-ல்தான் (நிமிடத்துக்கு 33 சுற்று) இருக்கிறது, ஆனால் பல குரல்கள் எலி கீச்சிடுவது போல வருகின்றன. இரண்டு, இடது ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது, போகிறது, சில இடத்தில் சுத்தமாக இல்லை. டர்ன்டேபிள் அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் கொண்டுவந்த பழைய பெல்ட் டிரைவ். ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறேன்.

இது போக நடுநடுவே தண்ணீர் இறங்குகிற சத்தம், ஏதோ பொறி தட்டுகிற சத்தம். வீட்டில் "கரண்டு கசியுது, முதல்ல அதை அணை" என்கிறார்கள். எது ரெக்கார்டில் இருப்பது, எது என் செட்டின் கோளாறு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறை பாண்டி

தம்பி, பாட்டை விடு, முதல்ல வேகத்தைப் பாப்போம். லேபிள் மேல ஓரமா ஒரு துண்டுப் பேப்பரை ஒட்டிக்க. ஊசியை ரெக்கார்டுல இறக்கிட்டு, செல்போன்ல மூணு நிமிஷம் வச்சு எத்தனை சுத்து வருதுன்னு எண்ணு. சரியா நூறு வந்தா 33⅓. நூத்தி முப்பத்தஞ்சு வந்தா அது 45, பெல்ட்டு மோட்டார் புல்லியோட பெரிய படியில ஏறி நிக்குதுன்னு அர்த்தம். ஊசி இறக்காம எண்ணாத, பளு இல்லாம சுத்துறப்போ கணக்கு கொஞ்சம் மாறும்.

அமெரிக்கா மெஷின்னு சொன்னியே, அதுக்கும் ஒரு வார்த்தை. ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் இறக்கும். அங்க 60 ஹெர்ட்ஸ், இங்க 50. ஏசி சின்க்ரோனஸ் மோட்டாரா இருந்தா மெயின்ஸ் ஹெர்ட்ஸுக்கு ஏத்தபடிதான் சுத்தும், அதனால இங்க ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடும். அப்போ குரல் தடிக்கணும், கீச்சுனு ஆகக் கூடாது. டிசி மோட்டார்னா இந்தப் பிரச்சினையே கிடையாது.

நாடாக்காரர்

பாண்டி அண்ணன் சொன்னபடி எண்ணிப் பாருங்கள். ஆனால் கீச்சுக்குரலைப் பொறுத்தவரை உங்கள் மெஷின் பெரும்பாலும் நிரபராதி. அந்தக் குரல்கள் அப்படித்தான் இருக்க வேண்டும்.

டேப்பை மெதுவாக ஓடவிட்டுப் பாடிப் பதிவுசெய்து, பிறகு வழக்கமான வேகத்தில் ஓட்டுவது அந்தக் காலத்து உத்தி. பாதி வேகத்தில் பதிந்தால் குரல் ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். 1958-ல் அமெரிக்காவில் அணில் குரல்களை வைத்து ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு இப்படித்தான் பெரிய வெற்றி பெற்றது. மீக் அதே வித்தையை நிலாவாசிகளுக்குப் பயன்படுத்தினார்.

காதாலேயே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். முதல் பாட்டை, அதாவது ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் ஆண்குரல் பாடும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கீச்சுக்குரல்கள் எதிரொலிக்கும். அந்த ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்டால் வேகம் சரி. 33 ரெக்கார்டை 45-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஐந்து அரைச்சுரம் ஏறும். ச-வில் நிற்க வேண்டியது ம-வில் போய் நிற்கும். அப்போது எல்லாக் குரலும் எல்லா வாத்தியமும் சேர்ந்தே ஏறும். கீச்சுக்குரல் மட்டும் மேலே நிற்க, டிரம் நிதானமாகப் போகிறது என்றால் அது மீக்கின் கைவேலை.

தண்ணீர்ச் சத்தமும் ரெக்கார்டில் உள்ளதுதான். ஸ்ட்ராவால் தண்ணீரில் ஊதிய குமிழி, அடைப்பானைப் பிடுங்கியதும் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீர், பாதி நிரம்பிய பால் பாட்டிலைக் கரண்டியால் தட்டியது, சாம்பல் கிண்ணத்தின் விளிம்பில் சீப்பை இழுத்தது, மின்கம்பிகளை ஒன்றோடொன்று உரசவிட்டது, இவற்றையெல்லாம் டேப்பில் பிடித்து முன்னும் பின்னும் ஓட்டி, எதிரொலியில் முக்கி எடுத்திருக்கிறார். வீட்டில் சொன்னது முழுப் பொய் இல்லை. கரண்டு கசிந்தது உண்மை, அறுபது வருஷத்துக்கு முன்னால் லண்டனில்.

கருந்தட்டு

மூன்று நிமிடத்தில் நூறு சுற்று, ஒன்றுகூட அதிகம் இல்லை. அடியில் ஒட்டியிருக்கும் தாளில் டிசி மோட்டார் என்றே போட்டிருக்கிறது. முதல் பாட்டில் ஆண்குரல் ஆண்குரலாகத்தான் கேட்கிறது. கீச்சு விஷயம் தீர்ந்தது, நன்றி இருவருக்கும்.

அப்படியானால் இடது ஸ்பீக்கரும் அவர் வேலைதானா? சத்தங்களை இடமிருந்து வலம் ஓடவிட்டிருக்கிறார் என்று எங்கோ படித்தேன்.

நிலாச்சோறு

அதேதான் ப்ரோ. அது ஸ்டீரியோ வேடிக்கை காட்டவே செய்த ரெக்கார்டு. ஒரு பக்கம் அமைதியாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, அப்படியே கேளுங்கள்.

நாடாக்காரர்

நிலாச்சோறு, முதல் பாதி சரி. பிரிட்டனில் ஸ்டீரியோ ரெக்கார்டு கடைக்கு வந்ததே 1958-ல். ஸ்டீரியோ என்றால் என்ன என்று கேட்பவருக்குக் காட்டும் எண்ணம் மீக்குக்கு நிச்சயம் இருந்தது. அதனால் குமிழி ஒரு பக்கம், கிடார் மறுபக்கம் என்று பிரித்து வைத்த இடங்கள் உண்டு. ஆனால் "அப்படியே கேளுங்கள்" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இடது பக்கம் செத்திருந்தால் இந்த ரெக்கார்டில் பாதி உலகமே காணாமல் போகும். கோளாறையே கருவியாக வைத்துச் செய்த ரெக்கார்டு என்பதால், நம் செட்டில் உள்ள கோளாறும் அதன் பின்னால் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

இதைப் போட்டு இதைச் சோதிக்காதீர்கள். வீட்டில் ஐம்பது அறுபதுகளின் மோனோ ரெக்கார்டு ஏதாவது இருக்கிறதா? பழைய தமிழ்ப் படப்பாட்டு இபி (சில பாட்டுகள் மட்டும் உள்ள சின்ன ரெக்கார்டு) போதும். மோனோ என்றால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம், ஒரே அளவில் வந்தாக வேண்டும். அதிலும் இடது பக்கம் விட்டுவிட்டு வந்தால் பழி மீக் மேல் இல்லை.

கருந்தட்டு

அப்பாவின் பழைய இபி ஒன்றைப் போட்டேன். முதல் சரணம் வரை இரண்டு பக்கமும் ஒழுங்காக வந்தது, பிறகு இடது பக்கம் கரகரத்துப் போய்விட்டது. ஊசிக்கைப் பக்கம் லேசாகத் தட்டினால் திரும்ப வருகிறது.

பட்டறை பாண்டி

தட்டுனா வருதா? அப்போ ஏதோ ஒரு இடத்துல காண்டாக்ட் விட்டிருக்கு. எங்கன்னு கண்டுபிடிக்கலாம்.

ஆம்ப் பின்னாடி டர்ன்டேபிள்ல இருந்து வர ரெண்டு பின்னையும் மாத்திச் சொருகு, வெள்ளை இடத்துல சிவப்பு, சிவப்பு இடத்துல வெள்ளை. கோளாறு இப்போ வலது ஸ்பீக்கருக்குத் தாவிட்டா, ஆம்பும் ஸ்பீக்கரும் நல்லாருக்கு, தப்பு டர்ன்டேபிள் பக்கம். தாவாம இடதுலயே நின்னா ஆம்பைப் பாக்கணும்.

தாவும்னுதான் நினைக்கிறேன். அப்போ மெஷினை ஆஃப் பண்ணிட்டு, கை முனையில ஹெட்ஷெல் (ஊசியைத் தாங்குற தலைப்பகுதி) மாட்டுற வளையத்தைத் தளர்த்தி ஹெட்ஷெல்லைக் கழட்டு. பின்னாடி நாலு குட்டி முனை இருக்கும். கறுத்திருந்தா பென்சில் ரப்பரால மெதுவாத் தேய், தூசியை ஊதிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை இயர்பட்ல தொட்டுத் துடை. உப்புத்தாள் வச்சுத் தேய்க்காத, பூச்சு போயிடும். பிறகு கார்ட்ரிட்ஜ், அதான் ஊசி பொருந்தியிருக்குற சின்னப் பெட்டி, அதுக்குப் பின்னாடி நாலு கம்பியைப் பாரு. வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. வெள்ளையோ நீலமோ தளர்ந்திருந்தா ட்வீஸரால கம்பி முனையில இருக்குற கிளிப்பை ஒரு நூல் அழுத்திச் சொருகு. ஊசிக்குக் கவசம் போட்டுட்டு செய், அவசரப்பட்டா ஊசி போயிடும்.

வடலி

நான் லண்டனிலை இருக்கிறன். ஹொலோவே ரோட்டிலை மீக் இருந்த 304ஆம் இலக்கக் கட்டடம் இன்னும் நிக்குது, சுவரிலை மீக்கின்ரை பேர் போட்ட கறுப்பு வட்டப் பலகை ஒண்டும் இருக்கு. அந்த மேல்வீட்டு அறையளுக்கை தான் இந்த ரெக்கோட்டையும் செய்தவர் எண்டு ஆரோ சொல்லக் கேட்டனான். உண்மையோ?

நாடாக்காரர்

வடலி, அந்த வீட்டில் பதிவானது 'டெல்ஸ்டார்', மீக்குக்குப் பெரிய பெயர் வாங்கிக்கொடுத்த வாத்திய இசை ரெக்கார்டு. நிலா ஆல்பம் அவர் அங்கே குடிபோகும் முன்னரே பிடித்தது. அப்போது அவர் ட்ரையம்ப் என்ற சின்ன லேபிளை நடத்திக்கொண்டிருந்தார். ராட் ஃப்ரீமனும் அவருடைய குழுவும்தான் வாசித்தார்கள். ஸ்கிஃபிள் (எளிய வாத்தியங்களை வைத்துப் பாடும் நாட்டுப்பாடல் பாணி) பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு இதற்காக மீக் 'தி புளூ மென்' என்று பெயர் வைத்தார். 1960-ல் நான்கு பாட்டுகளோடு ஒரு இபி மட்டும் வெளியானது. இரண்டாவது இபிக்கு அட்டை அச்சானதோடு சரி. பன்னிரண்டு பாட்டும் சேர்ந்து கடைக்கு வந்தது 1991-ல், மீக் இறந்து இருபத்து நான்கு வருஷம் கழித்து.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது வேறு. இது பதிவானபோது மனிதன் எவனும் விண்வெளிக்குப் போகவில்லை. ஸ்புட்னிக் 1957-ல் போனது, 1959-ல் லூனா 3 நிலாவின் மறுபக்கத்தைப் படமெடுத்து அனுப்பியது, ககாரின் பறந்தது 1961 ஏப்ரலில். இடைப்பட்ட நேரத்தில், விமானப்படையில் ரேடார் வேலை பார்த்த, ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாத ஆள், மெட்டை டேப்பில் முனகிக் காட்டி வாசிப்பவர்களை அதற்குச் சுரம் கண்டுபிடிக்க வைத்து, நிலாவில் குளோபாட், ட்ரிப்காட், சாரூ என்று மூன்று இனங்களைக் குடியேற்றுகிறார். ட்ரிப்காட்டுகளுக்குச் சொந்தமாக விண்படகு வேறு.

நிலாச்சோறு

டெல்ஸ்டாரில் வரும் அந்த மகுடி மாதிரி வாத்தியம் என்ன? அதுவும் இதில் இருக்கிறதா?

நாடாக்காரர்

அது கிளாவியோலின், 1947-ல் பிரான்ஸில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் செய்த சின்ன மின்னணு விசைப்பலகை. மகுடி என்று உங்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. 1954-ல் வந்த இந்தி 'நாகின்' படத்தில் பாம்பாட்டி ஊதுவதாக நாம் கேட்பது அதே வாத்தியம்தான். பின்னாளில் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இரட்டையராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி வாசித்தது. எட்டு வருஷம் கழித்து மீக் அதை டெல்ஸ்டார் என்ற செயற்கைக்கோளின் பெயரில் செய்த ரெக்கார்டுக்குக் கொடுத்தார். செயற்கைக்கோள் ஏறியது 1962 ஜூலை 10, ரெக்கார்டு வந்தது ஆகஸ்ட் 17, அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவிலும் முதலிடம். மெட்டைத் திருடியதாக ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளர் வழக்குப் போட, ராயல்ட்டி முடங்கியது. மீக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தபோது அவர் இறந்து சில வாரம் ஆகியிருந்தது. அந்த முடிவு எப்படி என்பதை இங்கே விரிக்க வேண்டாம், அதில் வீட்டுக்கார அம்மாவின் உயிரும் போனது.

நிலா ஆல்பத்தில் காதில் முதலில் விழுவது ஹவாய் கிடார். வழுக்கிக்கொண்டே போகும் அந்தச் சுரம்தான் பல பாட்டுகளைத் தாங்குகிறது.

கருந்தட்டு

பின்னை மாற்றியதும் கோளாறு வலதுக்குத் தாவியது. ஹெட்ஷெல்லைக் கழற்றினால் நான்கு முனையில் ஒன்று கன்னங்கரேல். ரப்பரால் தேய்த்ததும் பித்தளை நிறம் வந்தது. நீலக் கம்பியும் தளர்ந்திருந்தது, அழுத்திச் சொருகினேன். இபி இப்போது இரண்டு பக்கமும் சமமாக வருகிறது, தட்டினாலும் அறுபடவில்லை.

நிலா ரெக்கார்டைத் திரும்பப் போட்டேன். முன்பு வலதில் மட்டும் கேட்ட குமிழிகளுக்கு எதிரே இடதில் இன்னொரு கூட்டம் இருந்திருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால் இரண்டாம் பக்கத்தில் அலுப்புத் தட்டுகிறது. எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்களே?

நாடாக்காரர்

அலுப்பது நியாயம்தான். மெட்டுகள் எளியவை, வேண்டுமென்றே எளிமையாக வைத்தவை. முழுக்க வேற்றுலக இசையாகச் செய்தால் கேளிக்கையாக இருக்காது என்று மீக்கே எழுதியிருக்கிறார். ஒரே மூச்சில் கேட்காதீர்கள். 'மேக்னடிக் ஃபீல்டு', 'வேலி ஆஃப் தி சாரூஸ்' இரண்டையும் மட்டும், இரவில், ஹெட்போனில் போட்டுப் பாருங்கள். பாட்டாக இல்லாமல் ஓர் அறையாகக் கேளுங்கள்: எந்தச் சத்தம் பக்கத்தில் நிற்கிறது, எது எதிரொலியில் பின்வாங்குகிறது என்று. எனக்குக் குளோபாட்டுகளின் குதியாட்டம் ஒரு தடவைக்கு மேல் தாங்காது.

இந்த வகையில் இன்னும் வேண்டுமென்றால், நெதர்லாந்தில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் டாம் டிஸ்ஸவெல்ட்டும் கிட் பால்டனும் செய்த மின்னணுப் பதிவுகளைத் தேடுங்கள், மீக்கைவிடச் சுத்தமான கைவேலை. 1962 சியாட்டில் உலகக் கண்காட்சியில் கண்ணாடிக் கோளம் போன்ற லிஃப்ட் ஒன்று ஓடியது. அதில் ஏறியவர்களுக்காக ஒலித்த அட்டிலியோ மினியோவின் இசையும் ரெக்கார்டாக உண்டு. அது கொஞ்சம் பயமுறுத்தும்.

கருந்தட்டு

குறித்துக்கொண்டேன். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். பாட்டுகளுக்கு நடுவில் மெல்லிய "ம்ம்ம்" ஒன்று இரண்டு பக்கமும் நிற்கிறது. இதுவும் மீக்கா?

பட்டறை பாண்டி

ஊசியைத் தூக்குனதுக்கு அப்புறமும் கேக்குதா? கேட்டா அது எர்த்து. டர்ன்டேபிள் பின்னாடி தனியா ஒரு மெல்லிசு ஒயர் தொங்கும், முனையில கவட்டை மாதிரி ஒரு தகடு இருக்கும். அதை ஆம்ப்ல ஃபோனோ பின்னுக்குப் பக்கத்துல இருக்குற கிரவுண்டு ஸ்க்ரூவுல மாட்டி முடுக்கு. அந்த ட்ரான்ஸ்ஃபார்மரையும் ஊசிக்கைப் பக்கத்துல இருந்து ரெண்டடி தள்ளி வை.